வெள்ளி இலைப் படர்செடிகள்: ட்ரைவ்வே ஓரத்துக்கு எதை நடுவது?

எங்கள் ட்ரைவ்வேக்கும் (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவே 18 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. டொராண்டோ வட்டாரத்தில், அதுவும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு இப்படி ஒரு துண்டு உண்டு. தெற்குப் பார்த்த இடம். ஜூலையில் தார்ச் சூட்டில் புல் கருகிவிடும், ஆகஸ்டில் களை மட்டும்தான் பச்சையாக நிற்கும், ஜனவரியில் வழித்து ஒதுக்குகிற பனி முழுவதும் உப்போடு சேர்ந்து அங்கேதான் போய்க் குவியும். அடியில் இறுகிய களிமண். மூன்று வருடம் புல் விதை தூவி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் விதை தூவி அலுத்துப்போன பிறகு, சரி, புல்லை எடுத்துவிட்டு உயரம் குறைந்த வெள்ளி இலைச் செடி ஏதாவது படரவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளி இலை என்று போய் நர்சரியில் நின்றால் ஒன்றல்ல, ஏழெட்டு கண்ணில் படும். எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி, பஞ்சு ஒட்டிய மாதிரி, பார்க்க அண்ணன் தம்பி போலவே இருக்கும். வளர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். நான் அதில் பெரும்பாலானவற்றை நாலு வருடமாக வீட்டின் வெவ்வேறு மூலையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சிலதைத் தெரிந்தவர்கள் வீட்டில் பார்த்தேன். இந்த மே மாதத்துக்குள் அந்தத் துண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதற்காக எனக்குள் போட்டுப் பார்த்த கணக்கைத்தான் எழுதுகிறேன், இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் ஒரு விஷயம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் முதல் வருடச் செடிகளைப் பறிகொடுத்தேன். இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளி நிறம் வருவது இலை மேல் அடர்ந்திருக்கும் முடியால். ஒரு இலையைப் பறித்துச் சின்ன பூதக்கண்ணாடியில் பாருங்கள், கம்பளிப் போர்வை மாதிரி வெள்ளை முடி நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும், அதை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் சாதாரணப் பச்சை. வெயிலைத் திருப்பியடிக்கவும், காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகாமல் தடுக்கவும் செடி போட்டுக்கொண்ட சட்டை அது. அதாவது வறண்ட இடத்தில், பாறையில், மணலில், சுள்ளென்ற வெயிலில் வாழ்வதற்கான உடை. அந்த உடையோடு அதை நிழலில் வைத்தால் முடி குறைந்து பச்சை அடிக்கும், தண்டு நீண்டு தொய்யும். ஈரத்தில் வைத்தால் முடிக்குள் தண்ணீர் தங்கி இலை அழுகும். ஒரு நாள் மழை பெய்து முடிந்ததும் போய்ப் பார்த்தீர்கள் என்றால் வெள்ளியெல்லாம் மங்கி அழுக்குப் பச்சையாகத் தெரியும், காய்ந்ததும் மறுபடி வெளுக்கும்.

அதனால் இங்கே பலரும் கேட்கிற "மைனஸ் 20-ல தாங்குமா?" என்ற கேள்வி இந்தச் செடிகளுக்குப் பெரிய கேள்வியே இல்லை. நான் சொல்லப்போகிறவற்றில் முக்கால்வாசி 3 அல்லது 4-ம் மண்டலம் வரை தாங்குபவை (செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்பதற்கான எண், எண் குறையக் குறையக் குளிர் கூடும்), டொராண்டோவின் குளிர் அவற்றுக்கு ஒரு பொருட்டே கிடையாது. கொல்வது குளிர்கால ஈரம். பிப்ரவரி, மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைந்து, உருகி உறைந்து, களிமண்ணில் வடியாமல் நிற்கும் தண்ணீர். கேட்க வேண்டிய கேள்வி, "பனி உருகும்போது இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்?" என்பதுதான்.

சரி, செடிகளுக்கு வருகிறேன்.

நான் ஆசைப்பட்டு முதலில் வாங்கியது ஸ்னோ இன் சம்மர். செரஸ்டியம் டொமென்டோசம் என்பது தாவரப் பெயர், கார்னேஷன் குடும்பம், இத்தாலியின் மலைச்சரிவுகள் இதன் தாய்மண். பெயருக்கு ஏற்ற மாதிரி மே கடைசியில் ஆரம்பித்து ஜூன் முழுக்கப் பூத்துத் தள்ளும், கோடையில் பனி விழுந்து கிடப்பது போலவே இருக்கும். பூவை அருகில் வைத்துப் பார்த்தால் இதழ் பத்து இருக்கும் போலத் தோன்றும், எண்ணினால் ஐந்துதான், ஒவ்வொரு இதழும் நுனியிலிருந்து உள்வாங்கி இரண்டாகப் பிளந்திருக்கும். இலைப்பாய் அரை அடிக்குள் படுத்துக் கிடக்கும், பூக்கும்போது ஒரு அடி வரை எழும்பும். ஒரு செடி இரண்டு வருடத்தில் மூன்று அடிக்குப் படர்ந்துவிடும். விலையும் குறைவு, விதையிலிருந்தே சுலபமாக வரும், மார்ச்சில் ஜன்னலோரத் தட்டில் மேலாகத் தூவினால் போதும்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த ட்ரைவ்வே துண்டில் முதல் வருடமே 12 செடி வைத்தேன். கோடையில் பிரமாதம். அடுத்த ஏப்ரலில் பனிக்குவியல் கரைந்ததும் பார்த்தால், தாழ்வான பக்கத்தில் இருந்த ஏழு செடி கறுத்துக் கூழாகிக் கிடந்தன, கையில் எடுத்தால் வேரோடு கழன்று வந்தது. மீதி ஐந்து, கொஞ்சம் மேடான பக்கத்தில் இருந்தவை, ஒன்றுமே நடக்காதது போலத் துளிர்த்துக்கொண்டிருந்தன. ஒரே துண்டு, ஒரே குளிர், நாலு அங்குல உயர வித்தியாசம். அந்த ஏப்ரல் காலையில்தான் மேலே சொன்ன ஈரக் கணக்கு எனக்குப் புரிந்தது.

அதே சமயம், பிழைத்த ஐந்தும் எனக்கு வேறு தலைவலியைக் காட்டின. இது ஓடும் செடி. தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும், மண்ணுக்கடியிலும் நகரும், விதையும் சிதறும். இரண்டாவது வருடம் வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுப் புல்லில் தலைகாட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நானே போய் மண்டியிட்டுப் பிடுங்கிக் கொடுத்தேன். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காகக் களைக்கொல்லி அடிப்பதற்குத் தடை இருக்கிறது. ஓடும் செடி எல்லை தாண்டினால் பெரும்பாலும் கையால் பிடுங்குவதுதான் வழி. அந்தத் தடை நல்லதுதான் என்று நினைப்பவன் நான், ஆனால் அதனாலேயே வேலியோரத்துக்குச் செடி தேர்ந்தெடுக்கும்போது இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோ யோ என்று ஒரு வகை இருக்கிறது, அது இவ்வளவு வேகமாக ஓடாது, சின்ன இடத்துக்கு அதைக் கேட்டு வாங்கலாம்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒரே ஒரு வேலைதான், ஆனால் அதைத் தவறவிடக்கூடாது. பூத்து முடிந்ததும் ஜூன் கடைசியில் கத்தரியால் பாதியளவு வெட்டிவிட வேண்டும், பெரிய பரப்பாக இருந்தால் புல் வெட்டும் மெஷினை உயர்த்தி வைத்து மேலாக ஓட்டிவிடலாம். வெட்டாவிட்டால் காய்ந்த பூத்தண்டு மஞ்சளாகி ஆகஸ்ட் முழுவதும் அலங்கோலமாக நிற்கும், விதையும் கொட்டும், நடுப்பகுதி வழுக்கை விழும். வெட்டினால் இரண்டு வாரத்தில் புது வெள்ளி இலை மூடிவிடும். உரம் வேண்டாம். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட்டால் நடு வழுக்கையும் சரியாகும்.

இதற்கு நேர் எதிரான குணம் லேம்ப்ஸ் இயருக்கு, ஆட்டுக்குட்டிக் காது என்று அர்த்தம். ஸ்டாக்கிஸ் பைசான்டினா. துருக்கி, ஆர்மீனியா, ஈரான் பக்கத்துச் செடி, நம் துளசி, புதினாவின் குடும்பம். இதைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் தாண்டிப் போனதில்லை. என் மகள் பள்ளிக்கூடப் பேருந்து வரும்வரை ஒரு இலையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே நிற்பாள். வாசல் படியோரத்தில் வைத்திருக்கிறேன், அதற்கு அதுதான் இடம், கைக்கெட்டும் இடம்.

இதில் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். ஜூலை மாதம், இலைமேல் தேனீ மாதிரி ஒன்று உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டே இலையின் முடியைக் கீழிருந்து மேலாகச் சிரைத்துக்கொண்டு போகும். சிரைத்த முடியைக் காலுக்கு நடுவே உருண்டையாகத் திரட்டி, தன் உடம்பில் பாதி அளவுக்குப் பஞ்சு உருண்டையோடு பறந்துபோகும். உல் கார்டர் தேனீ, ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து நிலைத்துவிட்ட இனம். பெண் தேனீ அந்தப் பஞ்சை வைத்துத்தான் கூட்டுக்குள் மெத்தை போடும். ஆண் தேனீ பூங்கதிரைச் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கும், வேறு தேனீ வந்தால் மோதித் துரத்தும். அது சிரைத்துவிட்டுப் போன இடம் இலையில் பச்சைக் கோடாகத் தெரியும். நோயோ என்று முதலில் பயந்தேன், செடிக்கு அதனால் ஒன்றுமே ஆகவில்லை.

லேம்ப்ஸ் இயரில் இரண்டு வகை பார்த்து வாங்குங்கள். சாதாரண வகை ஒன்றரை அடிக்குக் கதிர் விட்டுப் பூக்கும், தேனீக்குக் கொண்டாட்டம், ஆனால் கதிர் விட்டபின் கீழே இலை கலைந்து பரட்டையாகிவிடும். சில்வர் கார்ப்பெட் என்ற வகை பெரும்பாலும் பூக்காது, தரையோடு தரையாகப் பாய் விரிக்கும். தரையை மூடுவதுதான் நோக்கம் என்றால் அதுதான். இதன் பெரிய பலவீனம் மேலிருந்து விழும் தண்ணீர். ஸ்பிரிங்ளர் வைத்திருக்கும் வீட்டில் இதை வைக்காதீர்கள், ஆகஸ்ட் புழுக்கத்தில் அடி இலைகள் பழுப்பாகி நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வசந்தத்தில் ஒருமுறை, கோடை நடுவில் ஒருமுறை உட்கார்ந்து பழுத்த இலைகளை உருவி எடுக்க வேண்டும். 18 அடிக்கு அந்த வேலையைச் செய்ய எனக்கு நேரமில்லை. படியோரம் நாலடி என்றால் சந்தோஷமாகச் செய்வேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில்வர் கார்ப்பெட் என்ற பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். இந்தப் பூக்காத லேம்ப்ஸ் இயருக்கும் அதே பெயர், தென்னாப்பிரிக்காவின் டைமோண்டியா என்ற செடிக்கும் அதே பெயர், ஸ்னோ இன் சம்மரில் ஒரு ஜெர்மன் வகைக்கும் பொருள் அதேதான். டைமோண்டியா கலிஃபோர்னியாவில் புல்லுக்குப் பதில் போடுவது, நம் குளிரில் முதல் டிசம்பரையே தாண்டாது. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் இணையத்தில் படத்தைப் பார்த்து, பெயரை மட்டும் வைத்து ஆர்டர் செய்து அதைத்தான் வாங்கினார். தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் தாவரப் பெயர் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு எடுங்கள்.

அடுத்தது சில்வர் மவுண்ட். ஆர்டிமீசியா ஷ்மிட்டியானா, ஜப்பான் செடி. பட்டுநூலை நறுக்கிக் குவித்த மாதிரி ஒரு அடி உயரத்தில் உருண்டையாக உட்காரும், ஓடவே ஓடாது, வைத்த இடத்திலேயே இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் எங்கேயோ கேட்ட குரல் மாதிரி ஒரு வாசம். இரண்டு நாள் யோசித்தபிறகு பிடிபட்டது, மரிக்கொழுந்து! ஊரில் மதுரை, திண்டுக்கல் பூச்சந்தைகளில் கட்டுக்கட்டாகக் குவிந்திருக்குமே, அதுவும் ஆர்டிமீசியா இனம்தான், இதற்குச் சித்தப்பா பெரியப்பா உறவு. மரிக்கொழுந்து அளவுக்கு இனிமையான மணம் இல்லை, கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கும். ஆனாலும் டொராண்டோவில் ட்ரைவ்வே ஓரமாகக் குனிந்து அந்த வாசத்தைப் பிடித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

வாசத்துக்காக வாங்கலாம், படர்வதற்காக வாங்காதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்தாலும் உருண்டை உருண்டையாக நிற்குமே தவிர, பாயாக மூடாது, இடையில் களை வரும். ஜூலையில் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் உருண்டை நடுவில் பிளந்து நாலாபக்கமும் சாய்ந்துவிடும், நல்ல மண், உரம் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் சாயும். ஜூன் பாதியில், பூ மொட்டு வரும் முன்பே, பாதிக்கு வெட்டிவிட்டால் அந்தப் பிளவைத் தடுக்கலாம். நான் ஒரு வருடம் வெட்டினேன், ஒரு வருடம் ஊருக்குப் போயிருந்ததால் வெட்டவில்லை. வித்தியாசம் கண்ணால் பார்த்தது.

அதே இனத்தில் இன்னொன்று சில்வர் பிரோகேட், ஆர்டிமீசியா ஸ்டெல்லரியானா. இதைப் பற்றி நம்மவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை, எனக்கும் போன வருடம்தான் அறிமுகம். ஜப்பானிலும் ரஷ்யாவின் கம்சாட்கா பக்கமும் கடற்கரை மணலில் வளரும் செடி. இந்த வகையைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா. இலை பார்க்கச் சாமந்தி இலை மாதிரி வெட்டு வெட்டாக, ஆனால் தடித்த ஃபெல்ட் துணியில் கத்தரித்தது போல வெள்ளை வெளேரென்று இருக்கும். அரை அடி, முக்கால் அடி உயரத்துக்குள் படுத்தபடி இரண்டு மூன்று அடி பரவும். 3-ம் மண்டலம் வரை தாங்கும்.

நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உப்பு. கடலோரத்துச் செடிக்கு உப்பு புதிதில்லை. தெருவில் கொட்டுகிற உப்பும், நானே படியில் தூவுகிற உப்பும் உருகிப்போய்த் தங்கும் அந்தத் துண்டின் தெருப்பக்க முனையில் புல்லே பிழைத்ததில்லை. தெரிந்தவர் ஒருவரின் வீட்டில், பிராம்ப்டனில், கிட்டத்தட்ட அதே மாதிரி இடத்தில் மூன்று குளிர்காலம் தாண்டி நிற்கிறது, மே மாதம் போய்ப் பார்த்தபோது பழைய தண்டின் அடியிலிருந்து வெள்ளைக் குருத்து முட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. இதற்கும் வடிகால் வேண்டும், களிமண்ணில் அப்படியே வைத்தால் கோடைப் புழுக்கத்தில் அடியில் அழுகும். ஆனால் உப்பு, வெயில், வறட்சி மூன்றும் ஒன்றாக அடிக்கும் இடத்துக்கு நான் பார்த்தவரை இதற்கு ஈடு இல்லை. பூ மஞ்சளாக, கவனிக்கும்படி எதுவும் இருக்காது, மொட்டிலேயே கிள்ளிவிடலாம். ஆர்டிமீசியா மகரந்தத்துக்கு மூக்கு அடைக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் கட்டாயம் கிள்ளிவிடுங்கள்.

அடுத்து, வெயில் இல்லாத இடம். நிழல் என்றால் மேலே சொன்ன எதுவுமே வேண்டாம், லேமியம் வாங்குங்கள். ஒயிட் நான்சி என்ற வகைக்கு வெள்ளைப் பூ, பீக்கன் சில்வருக்கு இளஞ்சிவப்புப் பூ. இதன் வெள்ளி நிறம் முடியால் வருவதல்ல, இலையின் நடுவே வெள்ளி, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு, அதனால் நிழலிலும் வெள்ளி மங்காது. மேப்பிள் மரத்தடியில் புல் வராத இடத்தில் வைத்தேன், வறண்ட வாரங்களில் தண்ணீர் கொடுத்தால் அழகாக ஓடுகிறது, வெயில் பட்டால்தான் இலை நுனி கருகும். இதன் உறவான மஞ்சள் பூ லேமியத்தை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அது தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் நுழைந்து தரையை மூடித் தொல்லை கொடுக்கிறது.

கடைசியாக, மனசாட்சி சொல்கிற செடி. பூனைப்பாதம் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வது, ஆன்டனேரியா. இந்த மண்ணின் சொந்தச் செடி, ஒன்டாரியோவின் வறண்ட புல்வெளிகளில் தானாக வளர்வது. இலை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மேல் எழும்பாது, அடிப்பக்கம் நல்ல வெள்ளை, மேல்பக்கம் சாம்பல் பச்சை. மே மாதம் அரையடித் தண்டில் பூக்கும்போது உண்மையிலேயே பூனைக்குட்டியின் பாதம் மாதிரி பொசுபொசுவென்று இருக்கும். அமெரிக்கன் லேடி என்ற வண்ணத்துப்பூச்சி இதைத் தேடிவந்து முட்டையிடும். புழு இலைகளை நூலால் சுருட்டிக் கூடு கட்டித் தின்னும், செடி மொட்டையாகிவிட்டதே என்று பதற வேண்டாம், மறுபடி துளிர்க்கும். எதையும் அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

இதை நாட்டுச்செடி விற்பனையில் வாங்கி அஞ்சல்பெட்டிக்கு அடியில் ஆறு செடி வைத்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் மெதுவாகப் படரும், அதனால் நெருக்கமாக நட வேண்டும், ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று. எங்கள் துண்டுக்குக் கணக்குப் போட்டால் வரிசைக்கு 24, மூன்று வரிசை, மொத்தம் 72 செடி. ஸ்னோ இன் சம்மர் என்றால் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, 24 போதும். சில்வர் பிரோகேட் இரண்டு அடிக்கு ஒன்று, குறுக்கும் மறுக்குமாக வைத்தால் 16, 18-க்குள் முடியும். செடிக்கு ஐந்தாறு டாலர் என்று வைத்தாலும் 72 என்பது என் கைக்கு இந்த வருடம் எட்டாது. வருடத்துக்குப் பத்தாகச் சேர்த்து அஞ்சல்பெட்டிப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளப் போகிறேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்னோ இன் சம்மரும் சில்வர் மவுண்டும் சமவெளி வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தாங்காது, சென்னையிலோ திருச்சியிலோ விதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், ஊட்டி, கொடைக்கானல் என்றால் முயன்று பார்க்கலாம். சமவெளிக்கு டைக்கோண்ட்ரா சில்வர் ஃபால்ஸ் பொருத்தம், டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி, வெயிலை விரும்பும், காசு மாதிரி வட்ட இலையோடு தரையில் படரும், தொங்கும் தொட்டியிலிருந்து மூன்றடிக்கு மேல் வழியும். அதே செடி இங்கே கனடாவில் ஒரு கோடைக்கு மட்டும்தான். அப்புறம், எங்கள் ஈரோட்டுப் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்க்கிற பூளைப்பூவை மறந்துவிடாதீர்கள். சிறுபீளை என்றும் சொல்வோம். வேலியோரத்தில் தண்ணீரே இல்லாமல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் அதைத் தோட்டத்தில் யாரும் விரும்பி வைத்து நான் பார்த்ததில்லை. வைக்கலாம்.

எதை நட்டாலும் முதலில் இடத்தைச் சோதியுங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை மணிக்கு ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடம் இப்படியே உதவாது. எங்கள் குழியில் இரண்டு மணி நேரத்தில் ஒரு அங்குலம் இறங்கியது. களிமண்ணில் நாலு சட்டி மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், அது காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகும். மண்ணை மேலே ஏற்றுவதுதான் வழி. ஆறு அங்குலம் மேடு கட்டி, தோட்ட மண்ணோடு பாதிக்குப் பாதி பொடிக்கல் சேர்த்து, நட்டபிறகு செடியின் கழுத்தைச் சுற்றி பட்டாணி அளவுக் கூழாங்கல் பரப்ப வேண்டும். கடையில் விற்கும் கறுப்பு மரச்சீவலை இந்தச் செடிகளின் கழுத்தில் போடவே கூடாது, ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகவிடும். நவம்பரில் மேப்பிள் இலை விழுந்ததும் வாரி எடுத்துவிடுங்கள், நனைந்த மேப்பிள் இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதற்கடியில் வெள்ளிச்செடி மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கை அடங்காது, அன்பு அதிகம். மார்க்கத்தில் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் போன ஆகஸ்டில் கூப்பிட்டார். "தம்பி, அந்த வெள்ளைச்செடி ஏன் இப்பிடி கறுத்துப் போச்சு? நான் ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறன்தானே!" என்றார். "அக்கா, தண்ணிதான் காரணம். நிப்பாட்டிடுங்க, பத்து நாள் பக்கத்துலயே போகாதீங்க" என்றேன். கேட்டார். பாதிச் செடி பிழைத்தது. நட்ட முதல் ஒன்றரை மாதம் வேர் பிடிக்கும்வரை வாரம் இரண்டு தடவை, அதுவும் காலையில், அடியில் மட்டும். அதன்பிறகு மூன்று வாரம் மழையே இல்லை என்றால் ஒரு தடவை. அடுத்த வருடத்திலிருந்து நான் ஊற்றுவதே இல்லை.

அந்தத் துண்டுக்கு நான் எடுத்த முடிவு இதுதான். முழுவதும் சில்வர் பிரோகேட். தெருப்பக்க முனையில் அதைத் தவிர வேறெதுவும் நிற்காது, மீதிக்கு வேறு செடி வைத்து ஒட்டுப்போடுவதைவிட ஒரே வெள்ளைப் பட்டையாக 18 அடி ஓடுவதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வேலிப்பக்கம் ஆறு அங்குலம் தகடு இறக்கிவிடுவேன், இதுவும் தண்டில் வேர்விடும் செடிதான். பிழைத்த ஐந்து ஸ்னோ இன் சம்மரையும் தோண்டிப் பின்பக்கத் தடுப்புச்சுவரின் மேலே கொண்டுபோகிறேன். அங்கே கல்லுக்கு நடுவே தண்ணீர் நிற்காது, சுவரில் வழிந்து பூக்கட்டும், ஓடினாலும் என் எல்லைக்குள்ளேயே ஓடும். லேம்ப்ஸ் இயர் படியோரத்தில், மகள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். சில்வர் மவுண்ட் ஒன்றே ஒன்று, கார்க் கதவைத் திறந்ததும் குனிந்து முகர வசதியாக.

மே மாதக் கடைசிப் பக்கம் வரும் விக்டோரியா டே விடுமுறை வார இறுதிக்கு 16 செடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லும் மண்ணும் அதற்கு முந்தின வாரமே வந்து இறங்கும், மழை ஒன்று பெய்து மண் அமுங்கினால் நடுவதற்குச் சௌகரியம். மார்க்கம் அக்காவுக்கு அடுத்த வருடம் வேர்விட்ட தண்டு இரண்டு தருவதாகச் சொன்னேன், அவர் அதற்குள் கூழாங்கல் மூட்டை வாங்கி கராஜில் அடுக்கிவிட்டார்.